சான் ஹுவான்: கப்பல் வராத நேரம் பார்த்து

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. எடிசன், நியூ ஜெர்சி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா போன வருடமே காலாவதி. வேலை அனுமதி இருக்கிறது. ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரச் சென்னையில் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா, வாங்க வேண்டும், அதற்குத் தேதி கிடைப்பது பெரும்பாடு. எச்1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் புலம்பல் மனப்பாடம். ஹவானா, சாந்தோ தொமிங்கோ, கார்த்தஹேனா என்று நான் போட்டு வைத்திருந்த கரீபியன் பட்டியல் இதனால் அப்படியே படுத்துவிட்டது. மிஞ்சியது புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான்.

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவு. நியூவார்க்கிலிருந்து நாலு மணி நேரம், உள்நாட்டு விமானம், அதே டாலர், அதே போன் சிம். 1521-ல் இப்போதைய இடத்துக்குக் குடிவந்த ஊர், 1983 முதல் அதன் கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில். இதைப் போய் 'மிஞ்சியது' என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

நீண்ட வார இறுதி என்பதால் கடற்கரை ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு முன்னூறு டாலருக்குக் குறைந்து எதுவும் இல்லை. கோந்தாதோ, இஸ்லா வெர்தே பக்கமெல்லாம் மணலும் நீச்சல்குளமும். எனக்கு வேண்டியது பழைய ஊர். அதற்குள்ளேயே சோல் தெருவில் ஒரு விருந்தினர் விடுதியில் மாடி அறை, இரவுக்கு நூற்று நாற்பது. ஏசி உண்டு, லிஃப்ட் கிடையாது.

அலுவலகத்தில் புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோன் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். என் திட்டத்தைக் காட்டினேன். அவர் விமான நேரத்தையோ விடுதியையோ பார்க்கவே இல்லை. "கப்பல் பார்த்தாயா?" என்றார். சொகுசுக் கப்பல்கள் பழைய ஊரின் வாசலிலேயே வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் மூவாயிரம், நாலாயிரம் பேர். குறுக்கே நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் ஊர். எந்த நாளில் எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது கிளம்புகிறது என்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டைகளைக் காலையிலும் சாப்பாட்டை மாலையிலும் போட்டு, நடுப்பகலை ஊருக்கு வெளியே தள்ளினேன். இந்தப் பயணத்துக்கு நான் செய்த உருப்படியான ஏற்பாடு இது ஒன்றுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "தனியாவா போற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "அங்க என்னத்தச் சாப்பிடுவ?" என்றாள். நான் மாடும் பன்றியும் சாப்பிடமாட்டேன், மீன் என்றால் சரி. தீவு, மீனுக்கா பஞ்சம் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

விமானம் தரையைத் தொட்டதும் ஒட்டுமொத்தப் பயணிகளும் கைதட்டினார்கள். விமானி ஏதோ சாகசம் செய்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பாட்டி, "ஊருக்கு வந்தால் தட்டுவோம்" என்றார், தட்டிக்கொண்டே. வழியெல்லாம் தன் பையிலிருந்து எனக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டே வந்தவர். இறங்கும்போது என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் வேறு.

நியூவார்க்கில் மைனஸ் மூன்று, இங்கே இருபத்தெட்டு. ஜாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வியர்வையோடு டாக்சி வரிசையில் நின்றேன். பழைய ஊருக்குப் பெட்டிக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து முப்பது டாலர். ஓட்டுநர் வழி நெடுக மின்சாரத்தைப் பற்றியே பேசினார். போன டிசம்பர் 31 விடிகாலையில் தீவில் ஏறத்தாழ 90 சதவீத வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போயிருக்கிறது. பலர் புத்தாண்டை இருட்டில்தான் வரவேற்றிருக்கிறார்கள். 2017 மரியா புயலுக்குப் பிறகு சில மலையூர்களில் மின்சாரம் முழுதாகத் திரும்ப ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. "உங்கள் விடுதியில் ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் அதைப் பார்த்து அறை எடுக்கவில்லை.

பழைய ஊரின் தெருக்கள் நீலம். விளம்பரப் படங்களில் நிறத்தை ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், நிஜமாகவே நீலம். இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடை அச்சில் ஊற்றிச் செய்த கற்கள், 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. வெயிலில் சாம்பல் நிறம், சாயங்காலம் கருநீலம். பெட்டியின் சக்கரங்கள் அதன்மேல் எழுப்பும் சத்தத்தில் தெரு முழுக்க எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள் என்று.

இரவு ஒரு சின்ன உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று கையை ஆட்டிச் சொல்லி, சோறும் சிவப்பு அவரைக் குழம்பும் கேட்டேன். வந்தது. மணமாக இருந்தது. ரெண்டாவது கரண்டியிலேயே பன்றித் துண்டு. கேட்டதற்குப் பரிமாறிய அக்கா உண்மையாகவே திகைத்துப் போனார்: அது இறைச்சி இல்லையே, ருசிக்குப் போட்டது! தட்டை எடுத்துக்கொண்டு போய், வறுத்த வாழைக்காயும் பூண்டு எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வாழைக்காயை ஒரு தடவை வறுத்து, தட்டையாக நசுக்கி, மறுபடி வறுக்கிறார்கள். பெயர் தொஸ்தோனெஸ். உப்பு மட்டும்தான். நான் மானசீகமாக மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டேன்.

தூங்கப் போகும்போது முற்றத்துச் செடிகளில் 'கொக்கீ, கொக்கீ' என்று விடாமல் ஒரு சத்தம். பறவை என்று நினைத்தேன். தவளையாம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த உடம்புக்கு அந்தக் குரல் ரொம்ப அதிகம்.

பிப்ரவரி 14, வெள்ளி

அட்டவணைப்படி இன்று மூன்று கப்பல்கள், முதலாவது பதினொரு மணிக்கு. எல் மோரோ கோட்டை ஒன்பதரைக்குத் திறக்கும். ஒன்பது இருபதுக்கு வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தம்பதி, ஓர் உடும்பு. உடும்பு என்றால் பச்சை இகுவானா, முழங்கை முதல் விரல் வரை நீளம், மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தவிர யாரும் இல்லை.

நுழைவு பத்து டாலர். அதே சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும், சான் கிறிஸ்தோபல் கோட்டைக்கும் சேர்த்து.

எல் மோரோவை ஸ்பானியர்கள் கட்ட ஆரம்பித்தது 1539-ல். துறைமுகத்தின் வாயில் நிற்கும் பாறைமேல் ஆறு தளங்களாக, கடலிலிருந்து 140 அடி உயரம் வரை அடுக்கியிருக்கிறார்கள். மேலே நின்றால் ஏன் இங்கே என்று சொல்லாமலே புரியும். உள்ளே வரும் எந்தக் கப்பலும் பீரங்கிக்குக் கீழே, கல்லெறியும் தூரத்தில்தான் திரும்பியாக வேண்டும். 1595-ல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் தாக்க வந்தபோது அவருடைய அறையையே குண்டு துளைத்துக்கொண்டு போனது, திரும்பிவிட்டார். 1625-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், கோட்டையைப் பிடிக்க முடியவில்லை, போகும்போது ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

எல் மோரோவைப் பிடித்த ஒரே ஆள் இங்கிலாந்தின் கம்பர்லாந்து பிரபு, 1598-ல். அவர் கடல் வாசலை விட்டுவிட்டுக் கிழக்கே இறங்கி நிலம் வழியாக வந்தார். பிடித்துவிட்டார், ஆனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய வீரர்களுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் தாக்குப்பிடித்து, நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்து, கிளம்பிவிட்டார். ஸ்பானியர்களின் அத்தனை பீரங்கிகளும் செய்யாததைத் தண்ணீர் செய்திருக்கிறது. கோட்டையில் இதைப் பற்றிய பலகைக்கு முன்னால் ஜெர்மன்காரர் தன் மனைவியைப் பார்த்து, "நேற்று நீ குடித்த ஜூஸ்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

கடலைப் பார்த்து நிற்கும் காவல் கூண்டுகளை கரீட்டா என்கிறார்கள். உருண்டையாக, தலையில் குமிழோடு, ஒரு ஆள் மட்டும் நிற்க இடம். தீவின் வாகன நம்பர் பலகையில்கூட இது உண்டு. உள்ளே நுழைந்தால் வெளியே அடிக்கும் காற்று சட்டென நின்று, மூன்று ஒடுக்கமான துளைகள் வழியாக அலையின் சத்தம் மட்டும் வருகிறது. சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன்: சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் செங்கல் துண்டு, சிப்பி, கரித்துணுக்கு. ராத்திரி முழுக்க இங்கே நின்றவனுக்கு உட்காரக்கூட இடமில்லை. கட்டியவர்கள் தெரிந்தேதான் அப்படிக் கட்டியிருக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு மேல்தளத்திலிருந்து முதல் கப்பல் உள்ளே வருவதைப் பார்த்தேன். பத்து மாடிக்குக் குறையாது. டிரேக்குக்குக் கிடைக்காத வழியில், சறுக்குமரமும் பாட்டுமாக, சாவகாசமாகத் திரும்பியது. அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டது போல ஊர் நிரம்பியது. நான் இறங்கிவிட்டேன்.

மதிலின் அடியில் கடலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது, சான் ஹுவான் வாசலிலிருந்து கோட்டையின் மூக்கு வரை. கப்பல்காரர்கள் கடைத்தெருவை விட்டு இவ்வளவு தூரம் அதிகம் வருவதில்லை. இங்கே ஆட்சி பூனைகளுடையது. பாறையில், பெஞ்சில், நடைபாதையின் நட்டநடுவில். 2023-ல் தேசியப் பூங்காத் துறை இவற்றை அங்கிருந்து அகற்றத் திட்டம் அறிவித்து, ஊரில் பெரிய எதிர்ப்பு. எந்தப் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெளிவில்லை. பூனைக்குச் சோறு வைக்க வந்த பெண்மணியிடம் அதைச் சொல்லும் துணிவும் இல்லை.

அந்தச் சிவப்பு நிற சான் ஹுவான் வாசல் வழியாக உள்ளே வந்தால் நேர் மேட்டில் கதீட்ரல். ஸ்பெயினிலிருந்து வந்த ஆளுநர்கள் கப்பலை விட்டு இறங்கி இந்த வழியாகத்தான் நன்றி சொல்லப் போவார்களாம். உள்ளே போன்ஸே தெ லியோனின் பளிங்குக் கல்லறை. தீவின் முதல் ஆளுநர். அவருக்காகக் கட்டிய வெள்ளை வீடு பக்கத்துத் தெருக்கோடியில் இன்னும் நிற்கிறது. அவர் அதில் ஒரு நாளும் வாழவில்லை, வாரிசுகள் இருநூற்றைம்பது வருடம் போல வாழ்ந்தார்கள்.

சாயங்காலம்தான் எனக்குத் தேதி உறைத்தது. காதலர் தினம். ஊரில் எல்லா மேசையிலும் ரோஜாவும் இரண்டு நாற்காலியும். முதல் உணவகத்தில், "ஒருவர்தானா?" என்று கேட்ட பையன் என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டான். நாலாவது இடத்தில் கல்லாவுக்குப் பக்கத்து மேடையில் ஓர் ஸ்டூல் கிடைத்தது. அங்கிருந்து சமையலறை தெரிந்தது. மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியாது.

மொஃபோங்கோ இடிக்கும் சத்தம் அங்கேதான் கேட்டேன். மரத்தில் கடைந்த சின்ன உரல். வறுத்த பச்சை வாழைக்காய்த் துண்டுகளைச் சூடாக அதில் போட்டு, பூண்டு, உப்பு, எண்ணெய் சேர்த்து இடிக்கிறார் ஒரு தடித்த மனிதர். இரண்டு குத்து, உரலை ஒரு திருப்பு, மறுபடி இரண்டு குத்து. குழையவும் விடுவதில்லை, துண்டாகவும் விடுவதில்லை. வழக்கமாகப் பன்றித் தோல் வறுவலும் சேர்ப்பார்கள். நேற்றுப் பட்ட பாட்டில், பன்றி, மாடு, ருசிக்குப் போடுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு உரலைக் கழுவி வந்தார். மேலே இறால், தக்காளிச் சாறு. இருபத்திரண்டு டாலர். பாதிக்கு மேல் முடியவில்லை, அவ்வளவு கனம். ஆனால் பூண்டு எண்ணெயில் ஊறிய அந்த அடிப்பகுதியை விட மனமும் இல்லை.

இங்கே ஒரு பழக்கம். உணவகத்தைவிட்டு வெளியே போகிறவர்கள், தாங்கள் கடக்கிற ஒவ்வொரு மேசையையும் பார்த்து, 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம். ஜோடி ஜோடியாக எழுந்து போன அத்தனை பேரும் மேடையில் தனியாக உட்கார்ந்து வாழைக்காயோடு மல்லுக்கட்டிய என்னையும் விடாமல் சொன்னார்கள். பத்துப் பேருக்குப் பிறகு எனக்கும் பதில் சொல்ல வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் பக்கத்து மேசையைப் பார்த்தாலே முறைப்பார்கள்.

பீன்யா கொலாதா குடிக்கலாம் என்று நினைத்தால் அதற்கு இரண்டு பிறப்பிடம்: 1954-ல் காரிபே ஹில்டன் என்று ஒரு கட்சி, 1963-ல் இதே ஊர் பர்ராச்சினா என்று இன்னொரு கட்சி, இரண்டாமவர்கள் சுவரில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். நான் மூன்றாவது இடத்தில் குடித்தேன். அன்னாசியும் தேங்காய்ப்பாலும், பாயசத்தைவிட இனிப்பு.

பத்தரைக்குக் கரண்ட் போனது. விடுதியில் ஜெனரேட்டர் இல்லை. ஏசி நின்றதும் ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீட்டுப் பால்கனியில் ஏற்கெனவே நாற்காலிகள் வந்துவிட்டன. கீழே ஒருவர் பேட்டரி விளக்கை மேசையில் வைத்தார், நாலு பேர் டோமினோ ஆட உட்கார்ந்தார்கள். யாரும் எதற்கும் பதறவில்லை. காய்களை மேசையில் ஓங்கி அறைகிறார்கள், அதுதான் ஆட்டமே. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம்தான் போயிற்று.

பிப்ரவரி 15, சனி

நேற்றைய சீட்டு ஒன்பது முப்பத்தைந்துக்கு வாங்கியது. சான் கிறிஸ்தோபல் ஒன்பதரைக்குத் திறக்கும். ஐந்து நிமிட இடைவெளியில் பத்து டாலரைக் காப்பாற்ற வேண்டும். தூக்கமில்லாத கண்ணோடு மேட்டில் ஓடினேன். வாசல் ரேஞ்சர் சீட்டையும் கடிகாரத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "தண்ணீர் குடியுங்கள்" என்றார்.

அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் கட்டியதிலேயே பெரிய கோட்டை இது, 27 ஏக்கர். நிலம் வழியாக வந்த கம்பர்லாந்து சொல்லிக்கொடுத்த பாடம்தான் காரணம். எல் மோரோ கடலைப் பார்க்கிறது. இது முதுகைக் காக்கிறது. ஒன்றன் பின் ஒன்றாக அகழியும் மதிலும், எதிரி ஒன்றைப் பிடித்தால் அடுத்ததிலிருந்து அவன் தலையில் சுடலாம். தண்ணீருக்கு ஆறு ஏதும் இல்லாததால் முற்றத்தில் விழும் மழையை நிலத்தடித் தொட்டிகளில் பிடித்திருக்கிறார்கள். 1797-ல் ஆங்கிலேயர்கள் மறுபடி வந்து, இந்தப் பக்கம் நுழைய முடியாமல் இரண்டு வாரத்தில் திரும்பினார்கள். 1898 மே மாதம் அமெரிக்கப் போர்க்கப்பலைப் பார்த்து இந்தத் தீவிலிருந்து பாய்ந்த முதல் குண்டும் இங்கிருந்துதான். பலன் இல்லை, அந்த வருடக் கடைசிக்குள் தீவு கைமாறிவிட்டது.

சுரங்கப் பாதையில் இறங்கிப் போனால் ஒரு நிலவறைச் சிறை. கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் சுவரில் கப்பல்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. பாய்மரம், கயிற்றேணி, கொடி, ஒவ்வொன்றாகக் கோடு கோடாக. யாரோ ஒரு கைதி வரைந்தது. கப்பல் தலைவனாக இருந்தவன் என்கிறார்கள். வரைந்தவனுக்குக் கயிறு எங்கே கட்டுவார்கள், எங்கே தொங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குப் பின்னால் வந்த குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு, "இருட்டு" என்று திரும்பிப் போனது.

வெளியே வந்தால் மழை. பத்து நிமிடம் கொட்டும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி கொட்டும். இங்கே குடையைப் பிரிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும். நனைந்த நீலக் கல்லில் சறுக்கி, விழாமல் சமாளித்ததில், செருப்பு வார் பிய்ந்தது. மூலையில் பிராகுவா வண்டிக்காரர், பனிக்கட்டியைச் சீவிக் கூம்பாக்கிப் பழச்சாறு ஊற்றி விற்பவர், கையைக் காட்டிக் கூப்பிட்டார். வண்டிக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை எடுத்து, வாரை இழுத்து இறுக்கி, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார். காசு வேண்டாம் என்றார். பிராகுவா வாங்கினேன், மூன்று டாலர். பாட்டில்களில் மாம்பழம், தேங்காய், பாஷன் பழம், கடைசியில் புளி. புளித் தண்ணீரில் நனைந்த ஐஸ்! ஊறுகாய் நாக்குக்காரர்கள் அதைத் தவிர வேறெதையும் கேட்கவே கூடாது.

நடுப்பகலில் நாலு கப்பல். திட்டப்படி ஊரைவிட்டு வெளியேறினேன், ஐம்பது சென்ட் செலவில். கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே கத்தானோவுக்குப் போகும் படகு. குடாவைக் கடக்கப் பத்து நிமிடம். காய்கறிப் பை வைத்திருக்கும் பெண்கள், சைக்கிள் பையன்கள், நான். அந்த உயரமான கப்பல்களின் வயிற்றுக்குப் பக்கமாக உரசிக்கொண்டு போகிறது. அக்கரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெஞ்ச், எதிரே மதிலும் ஊரும் முழுசாக. கப்பல்காரர்கள் இதே காட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்களோ.

ஐந்து மணிக்கு மேல் எல் மோரோவின் புல்வெளி. கோட்டை மூடியிருக்கும், புல்வெளி மூடுவதில்லை. சனிக்கிழமை ஊரே அங்கேதான், குழந்தை குட்டி, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி சகிதம். வானம் முழுக்கக் காற்றாடி. நானும் ஒன்று வாங்கினேன், எட்டு டாலர். ஏற்றத் தெரியவில்லை என்பதை ஏழு வயதுப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, வந்து வாங்கி, ஏற்றி, நூலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சே கிடையாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிழக்கே பின்யோனெஸ். கடற்கரையோரம் விறகடுப்புக் கடைகளின் வரிசை. லொய்சா பக்கம் இது; ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அதிகம் வாழும் பகுதி. அடிமை முறை இந்தத் தீவில் முடிந்தது 1873 மார்ச் 22-ல்தான். கடைகளில் இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதிக்க, சேம்புக் குடும்பத்துக் கிழங்கும் பச்சை வாழைக்காயும் துருவி, உள்ளே நண்டு வைத்து, ஓர் இலையில் தட்டி எண்ணெயில் நழுவவிடுகிறார்கள். அல்காபூரியா. நாலு டாலர். வெளியே கருமொறுமொறுப்பு, உள்ளே பசை. இரண்டு சாப்பிட்டேன். கருவாட்டு மாவில் தட்டிய அகலமான பக்கலாயீத்தோ ஒன்று.

அடுத்த கடையில் மஞ்சளாக ஒரு சோறு. உள்ளே பச்சையாகப் பயறு. வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, பச்சைத் துவரை! இவர்களுடைய தேசியச் சாப்பாடே இதுதான்: அர்ரோஸ் கோன் கந்தூலெஸ். துவரை நம் பக்கத்துப் பயிர். ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் வழியே அட்லாண்டிக்கைத் தாண்டியது. பதிலுக்கு மரவள்ளிக்கிழங்கு இந்தக் கண்டத்திலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்தது. பன்றி போடாத பானை உண்டா என்று கேட்டேன். கடைக்கார அம்மா என் தட்டைப் பார்த்து, யோசித்து, வீட்டுக்காகத் தனியாக ஆக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு கிண்ணம் கொடுத்தார். மருமகளுக்கு மசக்கை, பன்றி வாடையே ஆகவில்லையாம்.

திரும்பத்தான் தகராறு. செயலியில் வண்டி கூப்பிட்டால் யாரும் வருவதாக இல்லை, சாலையில் இரண்டு பக்கமும் கார் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேருந்தும் கிடையாது என்றார்கள். ஒரு மணி நேரம் நின்றேன். மழை ஒரு தடவை வந்து போனது. கடைசியில் அதே அம்மா உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார்; மருமகளே காரை எடுத்துக்கொண்டு வந்தாள், இஸ்லா வெர்தே வரை விட. மசக்கைக்காரியை அலைய வைத்துவிட்டோமே என்று எனக்குக் கூச்சம். அவளோ அந்த எண்ணெய்ப் புகையிலிருந்து தப்பித்ததில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. குழந்தைக்கு என்று சொன்னதும் வாங்கிக்கொண்டாள்.

ராத்திரி ஊருக்குள் கப்பல் எதுவும் இல்லை. கடைகள் ஒன்பதுக்கே சாத்திவிட்டன. ஃபோர்த்தலேசா தெருவில் மேலும் கீழும் நடந்தேன். அதன் கோடியில்தான் ஆளுநர் மாளிகை. 2019 ஜூலையில் ஆளுநர் ரிக்கார்தோ ரொசெய்யோ பதவி விலகுவதாக அறிவிக்கும்வரை இதே தெருவில்தான் இரவுக்கு இரவு கூட்டம் நின்றது. இப்போது ஒரு போலீஸ்காரர் மட்டும், நாற்காலியில். "நன்றாகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். பட்டியலைச் சொன்னேன். துவரைச் சோறு கடற்கரையிலா என்று மூக்கைச் சுளித்தார். அவருடைய அம்மா சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டுமாம்.

பிப்ரவரி 17, திங்கள்

இங்கிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும் பெட்டிகளை, விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே, வேளாண்துறை ஸ்கேன் செய்கிறது. பூச்சி ஏதும் பழத்தோடு போய்விடக் கூடாதே என்று. எச்1பி காகிதம், நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 நகல் எல்லாம் கைப்பையில் தயாராக வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. ஸ்கேனில் மாட்டியது எனக்கு முன்னால் நின்ற அத்தையின் பெட்டி. திறந்தால், செங்கல் செங்கலாக, காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய உறைந்த பொட்டலங்கள். வாழைக்காய் மாவும் இறைச்சியும் வைத்து வேகவைக்கும் பஸ்தேலெஸ்.

"யாருக்கு?" என்றார் அதிகாரி.

"மகனுக்கு. பேட்டர்சனில்."

"எத்தனை?"

"நாலு டஜன்."

"யார் செய்தது?"

"வேறு யார்?"

அதிகாரி ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சோதனைக்கான எடை பார்ப்பு இல்லை அது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒட்டுச்சீட்டை ஒட்டி அனுப்பினார்.

என் பெட்டியில் காப்பிப்பொடி இரண்டு பை, அப்புறம் நேற்று ராத்திரி அவசரமாக வாங்கிய கோயா கம்பெனித் துவரை டப்பாக்கள் ஆறு. சாம்பாரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "எங்கே போகிறீர்கள்?"

"நியூ ஜெர்சி."

"கோயா கம்பெனியின் தலைமை அலுவலகமே ஜெர்சி சிட்டிதான், அம்மா" என்று சொல்லி மூடிக் கொடுத்தார். எடிசனிலிருந்து ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.